ஒட்டகச் சியாங்சுவின் வரவு செலவு

சீன எழுத்தாளர் லாவோ ஷே ஒரு கைரிக்ஷாக்காரனைப் பற்றி எழுதிய ‘ஒட்டகச் சியாங்சு’ நாவலைப் படித்த மூன்று பேர் பேச உட்கார்ந்தால் முதல் கால் மணி நேரம் குழப்பத்திலேயே போகும். ‘ஒரே மனுஷன் தலையில் இத்தனை இடியா, நம்ப முடியவில்லை’ என்பார் ஒருவர். ‘எல்லாம் அவனாகத் தேடிக்கொண்டது, சேர்த்த காசை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாதவன்’ என்பார் அடுத்தவர். மூன்றாமவரோ, ‘கடைசியில் அந்தப் பெண்ணை மீட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறானே, அப்புறம் என்ன?’ என்று கேட்பார். மூன்றாமவரும் சரியாகத்தான் படித்திருக்கிறார். அவர் கையில் இருந்த புத்தகம் வேறு.

எனவே முதலில் பிரதியைச் சரிபார்த்துவிடுவது நல்லது. நாவல் 1936 செப்டம்பரில் ‘யூஜோ ஃபெங்’ என்ற இதழில் தொடராகத் தொடங்கியது. அது வந்துகொண்டிருக்கும்போதே கதை நடக்கும் ஊரான பெய்ப்பிங்கை (பெய்ஜிங்கின் அன்றைய பெயர் அதுதான்) ஜப்பானியப் படை பிடித்தது. 1937 அக்டோபரில் தொடர் முடிந்தது, 1939இல் புத்தகமானது. மொத்தம் 24 அத்தியாயங்கள். 1945இல் ஈவன் கிங் என்ற புனைபெயரில் ஓர் அமெரிக்கர் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். புத்தகம் அமெரிக்காவில் பெரிய அளவில் விற்றது. ஆனால் அவர் முடிவையே மாற்றிவிட்டார்: விபச்சார விடுதியில் சிக்கிய சியாவ் ஃபூசு என்ற பெண்ணை நாயகன் மீட்டுவிடுகிறான். மூலத்தில் அவள் அதற்கு முன்பே தூக்கில் தொங்கிவிட்டவள். லாவோ ஷேவுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. மூன்றாவது வடிவம் 1955இல் வந்தது. இம்முறை வெட்டியவர் ஆசிரியரேதான். 23ஆம் அத்தியாயத்தின் பின்பகுதியும் 24ஆம் அத்தியாயம் முழுவதும் அதில் கிடையாது.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். கடைசி அத்தியாயத்தைத் திறந்து சியாங்சு என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று பாருங்கள். ஒரு பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தால் அது 1945ஆம் ஆண்டின் மாற்று வடிவம். ஊர்ச் சவ ஊர்வலங்களில் கொடி தூக்கிக்கொண்டு, தரையில் கிடக்கும் சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் முழு வடிவம். ருவான் மிங் என்பவன் கொல்லப்படும் காட்சியே இல்லையென்றால் உங்களிடம் இருப்பது வெட்டிய வடிவம். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ஜீன் ஜேம்ஸின் 1979ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் ஹோவர்ட் கோல்ட்பிளாட்டின் 2010ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் மூல முடிவைத் தருகின்றன.

1955இல் ஏன் வெட்டினார்? அந்தப் பதிப்புக்கு எழுதிய பின்னுரையில் லாவோ ஷே ஒரு வாசக எதிர்வினையைப் பதிவு செய்கிறார். புத்தகம் வந்த புதிதிலேயே உழைக்கும் மக்கள் சிலர், இதில் இருப்பதுபோலத்தான் என்றால் எங்கள் பாடு மிகவும் கசப்பு, நம்பிக்கையே இல்லையே என்றார்களாம். அது தன்னை வெட்கப்படவைத்தது என்று எழுதுகிறார். இந்த நாவலுக்கு வந்த எதிர்வினைகளில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். வெளியே இருந்து வேடிக்கை பார்த்தவர்கள் ‘இருட்டு அதிகம்’ என்று சொல்வது ஒன்று, வண்டி இழுக்கும் வர்க்கத்திலிருந்தே அந்தச் சொல் வருவது வேறு. அதற்கு அவர் தந்த பதிலை, அதாவது முடிவை நீக்கியதை, என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது.

இது கணக்குப் புத்தகம் போல எழுதப்பட்ட நாவல். பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு படித்தால் ‘விதி’, ‘துரதிர்ஷ்டம்’ போன்ற சொற்கள் பேச்சிலிருந்து தானாகக் கழன்றுவிடும்.

சியாங்சு 18 வயதில் கிராமத்திலிருந்து வருகிறான். பெற்றோர் இல்லை, இருந்த துண்டு நிலமும் போய்விட்டது. பெயருக்கு மங்கலம் என்று பொருள். கையால் இழுக்கும் ரிக்ஷா வண்டி ஒன்றை வாடகைக்கு எடுக்கிறான். முதல் நாட்களில் கணுக்கால்கள் சுரைக்காய் போல வீங்கிவிடுகின்றன. சில நாள் படுத்துக் கிடந்து, வீக்கம் வடிந்ததும் மறுபடி ஓடுகிறான். அதன் பிறகுதான் கால் வண்டிக்குப் பழகியது என்று அவனுக்குத் தெரிகிறது. புது வண்டிக்கு 100 யுவான் வேண்டும். நாளுக்கு ஒரு யுவானில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் பிடித்தால் 1,000 நாள். சிகரெட் இல்லை, குடி இல்லை, சூதாட்டம் இல்லை. மழை, காய்ச்சல், சவாரி கிடைக்காத நாள் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. யாரோ செய்யச் சொல்லிவிட்டு எடுக்காமல் போன வண்டி ஒன்றை 96 யுவானுக்கு வாங்குகிறான்: மெத்தென்ற வில், சுத்தமான பித்தளை வேலைப்பாடு, மழைத்திரை, இரட்டை விளக்கு. வயது 22. பிறந்த நாள் தெரியாதவன், வண்டி வாங்கிய அன்றையே தனக்கும் வண்டிக்குமாகப் பிறந்த நாளாக வைத்துக்கொள்கிறான்.

சொந்த வண்டியின் பொருளாதாரம் எளிது. தினம் முதலாளிக்குப் போகும் நாள் வாடகை இனி இல்லை. சவாரி இல்லாத நாளிலும் கடன் ஏறாது. ஆகவே இரண்டே வருடத்தில் இன்னொரு வண்டி, பிறகு இன்னொன்று என்று அவன் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கில் பிழை கிடையாது. வண்டி திருட்டுப்போகாமல் இருக்க வேண்டும், உடம்பு படுக்காமல் இருக்க வேண்டும், ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளும் அதில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். சண்டைச் செய்தியும் வதந்தியும் அங்கே வருடா வருடம் வசந்தக் கோதுமையோடு சேர்ந்து முளைக்கும் என்று ஆசிரியர் இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். நகர வாசலுக்கு வெளியே சிங்ஹுவா வரை போக 2 யுவான் தருகிறேன் என்கிறார்கள். ஆபத்து தெரிந்தே போகிறான். படைவீரர்கள் ஆளையும் வண்டியையும் பிடித்துக்கொள்கிறார்கள். தப்பி ஓடும்போது கையில் மூன்று ஒட்டகங்கள். அவற்றை ஒரு கிழவரிடம் 35 யுவானுக்கு விற்கிறான். பட்டப்பெயரும் அங்கிருந்துதான் வந்தது. 96 போய் 35 வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது, ‘காசை எங்கே வைப்பது என்று தெரியாதவன்’ என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். சியாங்சு பிறகு வண்டி இழுக்கப் போன பேராசிரியர் த்சாவ் வீட்டில் வேலை செய்யும் காவ் மா என்ற பெண்மணி இந்த நாவலின் நிதி ஆலோசகர். விதவை, கெட்டிக்காரி, ஒன்று இரண்டு யுவானாக வட்டிக்கு விட்டுச் சம்பாதிப்பவள். அவள் மூன்று வழி சொல்கிறாள். ஒன்று, வட்டிக்கு விடு. இரண்டு, அஞ்சலகச் சேமிப்பில் போடு. மூன்றாவது வழியை நம் வாசகர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்: சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் 2 யுவான் போடுவது, முதல் சீட்டை இவனே எடுத்துக்கொள்வது. கையில் மொத்தமாக ஒரு தொகை வந்துவிடும், இருப்பதோடு சேர்த்து வண்டிக்கு வழி பண்ணலாம்.

மூன்றையும் அவன் மறுக்கிறான். ஏன் என்பதில்தான் லாவோ ஷேயின் நுட்பம் இருக்கிறது. வட்டிக்கு விட்டால் திருப்பி வாங்கச் சண்டை போட வேண்டும், அது தன்னால் ஆகாது. அஞ்சலகமென்றால் பளபளவென்று இருக்கும் வெள்ளிக் காசை உள்ளே வாங்கிக்கொண்டு ஒரு புத்தகத்தில் நாலு கோடு கிழித்துக் கொடுக்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவன் அந்தக் கோட்டை எப்படி நம்புவது? சீட்டென்றால் பத்துப் பேரைத் தெரிந்திருக்க வேண்டும், முதலில் எடுத்தவன் கடைசி வரை கட்டுவான் என்று அந்தப் பத்துப் பேர் நம்ப வேண்டும். அவனுக்கு அப்படிப் பத்துப் பேர் கிடையாது. வாயைத் திறந்து கேட்கும் பழக்கமும் கிடையாது. ஒரு மண் உண்டியலை வாங்கிக் காசைப் போட்டு வைக்கிறான். அறியாமைதான் காரணம் என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் இந்த மூன்றாவது மறுப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உண்டியல் என்ன ஆகிறது? த்சாவின் மாணவன் ருவான் மிங் தேர்வில் தேறாத கோபத்தில், பேராசிரியர் தீவிரவாதக் கருத்துக்காரர் என்று புகார் கொடுக்கிறான். துப்பறிவாளன் சுன் வருகிறான். த்சாவ் தப்பிவிடுகிறார், வீட்டில் அகப்பட்டவன் சியாங்சு. உயிர் வேண்டுமென்றால் காசைக் கொடு என்று சுன் உண்டியலையே வாங்கிக்கொள்கிறான். முன்பு சியாங்சுவைப் பிடித்துப்போன படையில் இருந்தவன் இதே சுன். இந்தத் தற்செயல் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘இத்தனை இடியா’ என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் இழப்பு படையால் வந்தது, இரண்டாவது போலீஸால். வானத்திலிருந்து எதுவும் விழவில்லை.

வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்லக்கூடியது 18ஆம் அத்தியாயத்தின் வெயிலும் மழையும். சீனாவில் பலருக்கு இந்த நாவல் முதலில் அறிமுகமானதே பள்ளிப் பாடப் புத்தகத்தில் இந்தப் பகுதி வழியாகத்தான். காலையிலேயே தீப்பிடித்த தெரு, பித்தளையே உருகிவிடும் போன்ற சூடு, மதியம் திரும்பும்போது பனிக்கட்டி போலக் கொட்டும் மழை, நடுமழையில் நிற்க விடாமல் ஓடச் சொல்லும் பயணி. அழகுக்காக எழுதிய வர்ணனை என்று அதைத் தனியே ரசிக்கிறார்கள். கணக்கில் அது ஒரு செலவு வரி. அன்று வந்த காய்ச்சலில் அவன் படுத்த நாட்களில்தான் வீட்டில் இருந்த ரொக்கம் கரைகிறது.

வீடு என்றதும் ஹூநியூ. பெண்புலி என்று பொருள். இந்த நாவலைப் பற்றிய பேச்சில் அதிகம் வசை வாங்குபவள் அவள்தான். வண்டிக் கொட்டகை முதலாளி லியூவின் மகள், வயது 37, 38. தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு கர்ப்பம் என்று மிரட்டி இவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். வில்லி என்று முடிவுகட்டுவது சுலபம். ஆனால் 60க்கும் மேற்பட்ட வண்டிகள் இருக்கும் கொட்டகையின் உள் நிர்வாகம் முழுக்க அவள் கையில்தான் நடக்கிறது. அவளைக் கட்டிக் கொடுத்தால் தனக்கு ஆள் போய்விடும் என்பதால்தான் தகப்பன் அவளை அந்த வயது வரை வைத்திருக்கிறான். சம்பளமில்லாத மேனேஜர். வண்டி இழுப்பவனை வாடகை உறிஞ்சுகிறது என்றால் அவளை வீடே உறிஞ்சியிருக்கிறது. லாவோ ஷே இதைக் காட்டத்தான் செய்கிறார், ஆனால் அவளுடைய பல்லையும் முகத்தையும் ஆசையையும் வர்ணிக்கும் இடங்களில் அவர் பேனா கருணையில்லாமல் போகிறது. அது நாவலின் குறை. 1982இல் லிங் ஜிஃபெங் எடுத்த படத்தில் சிச்சின் கவோவா அந்தப் பாத்திரத்துக்கு உயிர் கொடுத்துச் சிறந்த நடிகைக்கான பொற்சேவல் விருது வாங்கினார். படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குத் திரும்பும் வாசகர்கள் அவளிடம் இரக்கத்தோடு வருகிறார்கள்.

இரண்டாவது வண்டி அவள் பணத்தில் வருகிறது. ஒண்டுக்குடித்தன முற்றத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரன், மகள் சியாவ் ஃபூசுவை 200 யுவானுக்கு ஒரு ராணுவ அதிகாரிக்கு விற்று, அதில் வாங்கிய வண்டி. பிறகு குடித்துவிட்டு மனைவியை உதைத்துக் கொன்று, காசில்லாமல் அதை விற்க வந்தான். கறுப்புப் பூச்சும் வெள்ளை உலோகமும் துக்க உடை போல இருக்கிறது என்று சியாங்சுவுக்கு முதலிலிருந்தே மனம் ஒப்பவில்லை. ஹூநியூ பிரசவத்தில் இறக்கிறாள். வயது அதிகம், நடக்காமல் உட்கார்ந்து நன்றாகத் தின்றதில் குழந்தை பெரிது, மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் பணம் இல்லை. சாமியாடும் கிழவியைக் கூப்பிட்டு நேரம் போகிறது. சவ அடக்கத்துக்கு வண்டியை விற்கிறான். ஒரு மனைவி செத்த வண்டி, இன்னொரு மனைவியைப் புதைக்கப் போனது.

‘நல்லவன் எப்படி இவ்வளவு கெட்டுப்போனான், திடீரென்று இருக்கிறதே’ என்பது இன்னொரு எதிர்வினை. திடீர் என்று தோன்றுவதற்கு ஓரளவு ஆசிரியரே பொறுப்பு. தொடருக்காக 24 பகுதியில் முடிக்க வேண்டியிருந்தது, இன்னும் இரண்டு மூன்று அத்தியாயம் இருந்திருந்தால் நிதானமாக நிறுத்தியிருக்கலாம் என்று 1945இல் அவரே எழுதியிருக்கிறார். கடைசி ஐந்து அத்தியாயங்களின் வேகத்துக்கு அந்த வாக்குமூலம் போதும். ஆனால் வீழ்ச்சியின் விதை அங்கே இல்லை, ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. முதல் வண்டியை இழந்த பிறகு, இரண்டாவதை வாங்கும் அவசரத்தில், கிழவர்கள் கையில் இருந்த சவாரியையும் பலவீனமானவர்கள் கையில் இருந்ததையும் தட்டிப் பறிக்கிறான். பின்னால் வசை வருகிறது. தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறான், வண்டி வாங்கவேண்டிய கட்டாயம் இல்லையென்றால் இப்படி வெட்கங்கெட்டு நடந்திருப்பேனா என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்கிறான். அதுவும் அவன் சிகரெட் தொடாத, குடிக்காத, எல்லாரும் மெச்சும் நாட்களில். முதல் வாசிப்பில் இந்தப் பத்திகளைக் கடந்து போய்விடுவோம், ஏனென்றால் நாமும் அவன் வண்டி வாங்க வேண்டும் என்று அவசரப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

பத்தாம் அத்தியாயத்துத் தேநீர்க் கடையையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். குளிர்காலம். மா என்ற கிழவர் பசியில் மயங்கி விழுகிறார். சியாங்சு ஓடிப்போய்ப் பத்து ஆட்டுக்கறிப் பாவ் (உள்ளே கறி வைத்து அவித்த ரொட்டி) வாங்கிவந்து அவருக்கும் பேரனுக்கும் தருகிறான். உருகவைக்கும் காட்சி என்று எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள ஒரு தகவலை மறந்துவிடுகிறார்கள்: அந்தக் கிழவருக்குச் சொந்த வண்டி இருக்கிறது. பழைய வண்டிதான், ஆனாலும் சொந்தம். சியாங்சுவின் கனவு நிறைவேறி முப்பது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை அவன் கண் முன்னால் தரையில் கிடத்திக் காட்டுகிறார் ஆசிரியர்.

அதே கிழவர் 23ஆம் அத்தியாயத்தில், பேரனையும் பறிகொடுத்த பிறகு, வெட்டுக்கிளிக் கதையைச் சொல்கிறார். ஒற்றை வெட்டுக்கிளியை ஒரு சின்னப் பையன் பிடித்து நூலில் கட்டிவிடலாம், கூட்டமாக வந்தால் வயலையே மொட்டையாக்கும், யாராலும் தடுக்க முடியாது. இதை வைத்து நாவலைப் புரட்சிக் கதையாகப் படிப்பவர்கள் உண்டு. நிஜ பெய்ப்பிங்கில் வெட்டுக்கிளிகள் ஒருமுறை கூடத்தான் செய்தன. ஊரில் சுமார் 60,000 பேர் வண்டி இழுத்த காலம். டிராம் வந்து சவாரியைத் தின்றதில் கொதித்துப்போய் 1929 அக்டோபர் 22 அன்று டிராம்களை அடித்து நொறுக்கினார்கள். படையை வைத்து அடக்கினார்கள். லாவோ ஷே அந்தச் சம்பவத்தை நாவலுக்குள் கொண்டுவரவில்லை. கிழவர் வாயில் ஓர் உவமையாக மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அது தற்செயலாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சியாங்சுவின் கண் உயரத்துக்கு மேல் கதையை அவர் எங்கும் தூக்குவதில்லை.

கடைசி வரிக்கு வருகிறேன். அவனைச் சமூக நோயின் குழந்தை என்றும் தனிமனித வாதத்தின் வழியற்ற பேய் என்றும் சொல்லி முடிகிறது நாவல். பலருக்கு எரிச்சல் தரும் வரி. எனக்கும் அது தேவையில்லாத பிரசங்கமாகத்தான் படுகிறது. அதுவரை ஒவ்வொரு காசையும் எண்ணிக் காட்டியவர் திடீரென்று தீர்ப்பு எழுதுகிறார். ஆனால் அந்த ஒரு வரிக்காக 24ஆம் அத்தியாயத்தையே இழப்பதா? அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் கணக்கு முடிவதில்லை.

சின்னச் சின்னப் படிகளாக வந்த வீழ்ச்சி அது. ஒரு சிகரெட். ஒரு கோப்பை மது. எஜமானி ஒருத்தியிடமிருந்து வாங்கிக்கொண்ட நோய். சம்பளத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டு வராமல் போவது, கைமாற்று வாங்கித் திருப்பாமல் விடுவது. 22ஆம் அத்தியாயத்தில் த்சாவ் திரும்பக் கிடைக்கிறார், நீ சேர்ந்து வாழ விரும்பும் சியாவ் ஃபூசுவையும் அழைத்துவா, இருவருக்கும் வேலை தருகிறேன் என்கிறார். தேடிப் போனால் ஊருக்கு வெளியே விபச்சார விடுதியில் அவள் தூக்குப்போட்டுச் செத்த செய்தி. அதன் பிறகு காசுக்கு ஊர்வலம் போகிறான், கொடி பிடிக்கிறான். அங்கே ருவான் மிங் மறுபடி வருகிறான், இப்போது வண்டி இழுப்பவர்களைத் திரட்டும் அமைப்பாளனாக. அவன் கொடுத்த பழைய புகாரில்தான் சியாங்சுவின் உண்டியல் போனது. சியாங்சு அவனைக் காட்டிக்கொடுக்கிறான். கூலி 60 யுவான். லாவோ ஷே இந்தத் தொடர்பை அடிக்கோடிட்டுச் சொல்வதில்லை, படிப்பவர் தாளில் எழுதி வைத்திருந்தால் தெரியும்.

24ஆம் அத்தியாயம் கோவில் யாத்திரைக் காலத்தில் தொடங்குகிறது. வெயில் ஏறிவிட்டது, விசிறி விற்பவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ருவான் மிங்கை வண்டியில் உட்காரவைத்துத் தியான்ச்சியாவுக்குக் கொல்லக் கொண்டுபோகிறார்கள். இரண்டு பக்கமும் கூட்டம் முண்டியடிக்கிறது. நல்ல பேச்சு ஏதாவது பேசுவான், பாட்டாவது பாடுவான் என்று எதிர்பார்த்து வந்தவர்கள், தலை தொங்கி உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். அந்த நேரத்தில் சியாங்சு ஊரின் இன்னொரு பக்கம் மெதுவாக நடந்துகொண்டிருக்கிறான், இடுப்பில் அந்த 60 யுவான். 96 யுவானுக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஓடியவன், இதற்கு ஓர் அடி ஓடவில்லை. இதை வைத்து வண்டி வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை.